எம்கேவிடூல்நிக்ஸா, எஃப்எஃப்எம்பெக்கா?

மட்டக்களப்புப் பக்கம் விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்தை வீடியோ எடுத்தோம். கனடாவில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கில சப்டைட்டிலும், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் விளக்கம் தனி ஒலித்தடமாகவும் சேர்க்க வேண்டும். எம்கேவிடூல்நிக்ஸ், எஃப்எஃப்எம்பெக் என்ற இரண்டு மென்பொருளாலும் படத்தை மீண்டும் என்கோட் செய்யாமலே, அதாவது மறுபடி சுருக்காமலே, சேர்க்கலாம். தரம் துளியும் குறையாது.

எனக்குப் பிடித்தது எம்கேவிடூல்நிக்ஸ். கோப்புகளை இழுத்துப் போட்டு, தடத்துக்கு மொழியைக் குறித்தால் சரி. ஒலி முந்தினால் மில்லிசெக்கன் கணக்கில் பிந்தவும் வைக்கலாம். ஆனால் எம்கேவி கோப்பாகத்தான் தரும், எம்பி4 கோப்பாகத் தராது.

எஃப்எஃப்எம்பெக் தரும். கட்டளை தட்டச்ச வேண்டும். 'காப்பி' என்று சொல்லாவிட்டால் என்கோட் செய்யத் தொடங்கிவிடும். எந்தெந்தத் தடம் வேண்டும் என்று சொல்லும் 'மேப்' போடாவிட்டால் ஒரே ஒலித்தடம்தான் மிஞ்சும். நான் மறந்தேன், அண்ணாவியார் ஊமையானார். எஸ்ஆர்டி என்ற வகை சப்டைட்டில் கோப்பும் எம்பி4இல் அப்படியே போகாது, எம்பி4 ஏற்கும் 'மோவ் டெக்ஸ்ட்' (mov_text) வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.