வீடியோ டோர் போன்: குறை பெரும்பாலும் வயரில்தான்

வாசலில் நிற்பவரை வீட்டுக்குள்ளிருந்தே திரையில் பார்த்துப் பேச உதவுவது வீடியோ டோர் போன். எங்கள் வீட்டில் உள்ளது அதில் நான்கு வயர் வகை. 12 வோல்ட் மின்சாரம், பேச்சு, படம் ஆகியவற்றுக்குத் தலா ஒன்று, மூன்றுக்கும் பொதுவான திரும்பு வழியான கிரவுண்ட் ஒன்று என நான்கு வயர்கள், வாசல் கேட்டிலிருந்து மாடிக் கூடத்துத் திரை வரை ஏறக்குறைய 30 மீட்டர் ஓடுகின்றன. பல ஆண்டுகள் புழங்கியதில் நான் கண்டது, இதில் வந்த பழுதுகளுள் கேமராவோ திரையோ கெட்டுப்போய் வந்தது ஒன்றுகூட இல்லை என்பதே. ஆனால் பழுது பார்க்க வருபவர்கள் முதலில் மாற்றச் சொல்வது அவ்விரண்டையும்தான்.

முதலில் தலைகாட்டிய கோளாறு இரவில் மட்டுமே வந்தது. பகலில் தெளிவாக இருந்த படம் இருட்டியதும் நெளிந்தது. சில வேளைகளில் அடியோடு அணைந்தது. இருட்டில் கேமராவின் அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்குவதால் அது இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. அதற்கேற்ப வயரில் இழக்கப்படும் வோல்டேஜும் கூடுகிறது. எங்கள் சுவருக்குள் போடப்பட்டிருந்தது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பிகள் கொண்ட நெட்வொர்க் கேபிள். போக 30, வர 30 என 60 மீட்டருக்கு அதன் மின்தடை 5 ஓமைத் தாண்டும். 300 மில்லிஆம்பியர் ஓடினால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். விலை குறைவென்று விற்கப்படும், செம்பு பூசிய அலுமினியக் கேபிளாக இருந்தால் இழப்பு இன்னும் அதிகம்.

இதை அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கேமராவைக் கழற்றிவிட்டு வயரின் முனையில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால், மின்னோட்டம் இல்லாததால், அது 12 வோல்ட்டையே காட்டி நம்மை ஏமாற்றும். கேமரா இணைந்திருக்கும்போதே, லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள ஒளி உணரியை விரலால் மூடி எல்இடிகளை எரியவைத்து, கேட்டருகே அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது எங்களுக்குக் கிடைத்தது பத்து வோல்ட்டுக்கும் கீழே. கேபிளில் உள்ள எட்டுக் கம்பிகளில் நான்கு சும்மா இருந்தன. அவற்றில் இரண்டை மின்சாரத்தோடும் இரண்டை கிரவுண்டோடும் இணைத்த பிறகு இரவுப் படம் நிலைத்துவிட்டது. கேமரா அதே பழைய கேமராதான்.

குறை வயரிலா கருவியிலா என்ற ஐயம் வந்தால், கேமராவைக் கழற்றி மாடிக்கே கொண்டுவந்து, ஒரு மீட்டர் வயரில் திரையோடு இணைத்துப் பார்ப்பதே நேர்வழி. அங்கே ஒழுங்காக வேலை செய்தால் புதுக் கருவிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் வந்த தொல்லை வேறு விதமானது. ஆள் இல்லாமலே மணி அடித்தது. பேச்சில் கரகரப்பு கேட்டது. கேட் தூணுக்குள் வயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்த இடத்தைப் பிரித்தால், செம்பில் பச்சைக் களிம்பு. கருவியின் பின்புறம் எறும்புப் புற்று. முனைகளைச் சுரண்டிச் சோல்டரிங் செய்து, மேல்புறமும் இரு பக்கங்களும் சிலிகான் பூசினோம். கீழ்ப்புறத்தை மட்டும் மூடக் கூடாது. உள்ளே சேரும் ஈரம் வடிய அது ஒன்றே வழி.

மின்பூட்டு சேர்க்க நினைப்பவர்கள் அதற்குத் தனி அடாப்டர் வைப்பது நல்லது. பூட்டு திறக்கும் கணத்தில் ஒரு ஆம்பியர் வரை இழுக்கக்கூடும் என்பதால், கேமராவின் வயரிலிருந்தே மின்சாரம் எடுத்தால் பொத்தானை அழுத்தியதும் திரை அணைந்து மீண்டும் எரியும். நேர்மின்சாரப் பூட்டாக இருந்தால் அதன் சுருளுக்குக் குறுக்கே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றைத் தலைகீழாக இணைப்பதும் அவசியம்; இல்லாவிட்டால் பூட்டை இயக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகள் பொறி பட்டுத் தீயும்.

படத்தில் கிடைக்கோடுகள் மெல்ல மேலேறி, ஒலியில் 'ம்ம்' என்ற இரைச்சல் சேர்ந்தால் அடாப்டரைச் சந்தேகிக்கலாம். எங்களுடையதைத் திறந்தபோது கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. அதே வோல்டேஜில் 2 ஆம்பியர் அடாப்டர் மாட்டியதோடு அது தீர்ந்தது.

இன்றுவரை முழுதாகத் தீராதது ஊளைச் சத்தம் மட்டுமே. கூடத்து ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே ஒலிப்பது வாசல் மைக்கில் விழுந்து சுற்றிவருகிறது. கருவியின் பின்னால் உள்ள சிறு திருகைத் திருப்பி ஒலியைக் குறைத்தால் ஊளை அடங்குகிறது. ஆனால் தெருவில் லாரி போகும்போது கூரியர்காரர் சொல்வது காதில் விழுவதில்லை.