முழு சர்வீஸ் என்ற பெயரில் தேய்த்து அழிக்கப்பட்ட என் கடிகாரம்

14 ஆண்டுகளாக நான் அணிந்துவந்த எஃகுக் கைக்கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கத் தொடங்கியதால், உள்ளே சுத்தம் செய்து எண்ணெயிட்டு, நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்களை மாற்றித் தருமாறு ஒரு சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைத்தேன். ரசீதில் ‘முழு சர்வீஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கடிகாரத்தின் வெளிக்கூடான கேஸைப் பாலிஷ் செய்வதும் அதில் அடங்கும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்பது எனக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது நேரம் சரியாக ஓடியது. அந்த வேலையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால், ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும் மங்கலான மேற்பரப்பும் கண்ணாடிபோல் மின்னும் குறுகிய சாய்விளிம்பும் சந்திக்கும் இடத்தில் இருந்த கூர்மைக்காகவே நான் அந்தக் கடிகாரத்தை விரும்பி வாங்கியிருந்தேன். அந்த விளிம்பு இப்போது பாதி கரைந்த சோப்புக்கட்டியின் முனைபோல் மழுங்கியிருந்தது. பட்டையைத் தாங்கும் நான்கு லக்குகளில் இரண்டு மற்ற இரண்டைவிட மெலிந்துவிட்டன. பழைய புகைப்படங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

பாலிஷ் என்பது கறையைத் துடைப்பதன்று. ஒரு கீறலை மறைக்க வேண்டுமானால், அந்தக் கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள உலோகத்தையே தேய்த்து எடுக்க வேண்டும். சுழலும் பஃபிங் சக்கரத்தின் துணி நெகிழ்வானது என்பதால், கைத்திறன் குறைந்தவர் விளிம்பில் அழுத்தினால் அது இருபுறமும் வளைந்து கூர்மையை உருட்டிவிடும். தங்கம் எஃகைவிட மென்மையானது. அதில் இழப்பு இன்னும் விரைவாக நேரும், ஹால்மார்க் முத்திரையே மங்கிப்போகும். தங்க முலாம் பூசியவற்றிலோ மைக்ரான் கணக்கிலுள்ள பூச்சு அகன்று அடி உலோகம் வெளியே தெரியும். 1972-இல் வந்த ராயல் ஓக் என்ற கைக்கடிகாரம் போன்று, மங்கலும் மினுக்கமும் சந்திக்கும் விளிம்புகளையே அழகாகக் கொண்ட வடிவங்களுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. பழைய கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் கீறல் விழுந்த, ஆனால் பாலிஷ் படாத கேஸுக்கே அதிக மதிப்புத் தருகிறார்கள்.

முறையிட்டபோது, புதியதுபோல் மின்னுகிறதே என்று வியந்தார்கள். தவறு நடந்ததாகவே அவர்கள் கருதவில்லை. பிறகு நான் அணுகிய ஒரு கைவினைஞர், லேசர் வெல்டிங் மூலம் உலோகத்தைச் சேர்த்து மீண்டும் வடிவம் கொடுக்கலாம் என்றும், அது தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய பரப்பாக ஆகாது என்றும் நேர்மையாகச் சொன்னார். நான் அதைச் செய்யவில்லை.

கடிகாரத்தை ஒப்படைக்கும் முன் லக்குகளையும் விளிம்புகளையும் சாய்ந்த வெளிச்சத்தில் பல கோணங்களில் படமெடுங்கள். முடிந்தால் லக்கின் அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாலிஷ் இலவசம் என்று யாராவது சொன்னால் கூடுதல் கவனம் தேவை. வாய்மொழியாகச் சொன்னது பட்டறையில் அமர்ந்திருப்பவரை எட்டுவதில்லை. அண்மையில் வேறொரு கடிகாரத்தை வேறொரு நிலையத்தில் கொடுத்தபோது, ‘கேஸ், பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), பட்டை எதையும் பாலிஷ் செய்யக் கூடாது’ என்று ரசீதின் இரு படிகளிலும் எழுதச் செய்து, பொறுப்பாளரின் கையொப்பத்தைப் பெற்ற பிறகே அதைக் கையிலிருந்து கழற்றினேன்.