அல்சூர் நடைபாதையில் 58 சென்டிமீட்டர்

பெங்களூர் மெட்ரோவில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் அல்சூரில் இருக்கும் ஹலசூரு நிலையத்தில் லிஃப்ட் ஓடியது. ஊழியர் ஒருவர் கூடவே வந்து அம்மாவை ரயிலில் ஏற்றிவிட்டார். கப்பன் பார்க்கில் இறங்கும்போது இன்னொருவர் காத்திருந்தார். 2011இல் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோட்டுக்கும் நடுவே முதல்முதலாக ரயில் விட்டபோது, ஒரு வேலையும் இல்லாமல் அப்பா அம்மாவை அதில் கூட்டிப் போய்விட்டு வந்தார். அம்மா அதை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எழுத வந்தது எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்த லிஃப்ட் வரைக்குமான வழியைப் பற்றி.

இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு அம்மாவுக்குச் சக்கர நாற்காலிதான். அல்சூர்க்காரர்களுக்குத் தெரியும், பஜார் பக்கத்திலிருந்து ஸ்டேஷனுக்குப் பேசிக்கொண்டே நடந்துவிடலாம். கோயில், காய்கறி, மருந்துக்கடை, டாக்டர், ஏரி எல்லாம் நடந்து போகும் தூரம். இந்த மாதிரிப் பேட்டையை உருவாக்கத்தான் இன்றைக்கு உலகம் முழுக்கத் திட்டம் போடுகிறார்கள். எங்களுக்கு அது தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. லிடோ தியேட்டர் இருந்த காலத்தில் இரண்டாவது ஆட்டம் முடிந்து நாங்கள் நடந்தே வந்த தெருக்கள் இவை.

இப்போது சிங்கப்பூரில் இருக்கும் நான் இந்த முறை ஊருக்குப் போனபோது எங்கள் தெருமுனை நடைபாதையைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். பழைய கருங்கல் பலகைகளை எடுத்துவிட்டு சமமாக, ஆட்டமில்லாத தரை. முனையில் சாலை மட்டத்துக்கு ஒழுங்காக இறங்கும் சரிவு. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அதில் ஏறியபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. நம் ஊரிலும் யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று தம்பியிடம் சொன்னேன்.

இருபது அடி கூடப் போயிருக்க மாட்டோம். கான்கிரீட்டில் நட்ட இரும்புக் குழாய்கள் நடைபாதைக்குக் குறுக்கே வரிசையாக நின்றன. மஞ்சளும் கறுப்பும் பூசியவை. இருசக்கர வண்டிகள் நடைபாதையில் ஏறாமல் இருக்க. அம்மாவின் நாற்காலி முட்டி நின்றது. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தோம். சக்கரத்தின் வெளிவளையத்தைப் பிடித்திருந்த அம்மாவின் விரல் குழாயில் நசுங்கப் பார்த்தது. தம்பி வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவின் தையல் டேப்பை எடுத்து வந்தான். நாற்காலியின் அகலம் 65 சென்டிமீட்டர். இரண்டு குழாய்களுக்கு நடுவே 58. ஒவ்வொரு இடைவெளியையும் அளந்தேன். அதைவிட அகலமானது ஒன்றும் இல்லை.

நாங்கள் அளந்துகொண்டிருந்தபோதே ஒரு ஸ்கூட்டர் பக்கத்துக் கடை வாசல் சரிவு வழியாக ஏறி, தூண்களைச் சுற்றிக்கொண்டு, எங்களைத் தாண்டிப் போனது. அதே வழியில் நாற்காலியைத் திருப்பலாம் என்றால் அங்கே டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்கும் படிக்கும் நடுவே ஒரு பெரிய கல். வண்டிக்காரர் காலை ஊன்றி அதைக் கடந்துவிடுகிறார். அம்மாவால் முடியாது.

அப்புறம் நடந்ததுதான் மனசை விட்டுப் போகவில்லை. பூக்கட்டுகிற அக்கா, மாவு மில்காரர், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பையன்கள், எல்லோரும் வந்துவிட்டார்கள். "பெரியம்மாவ அப்படியே தூக்கிடலாம், நீங்க தள்ளிக்குங்க." யாரும் கூப்பிடவில்லை, தாமாக வந்தார்கள். சிங்கப்பூரில் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கூட்டம் எனக்காக ஓடி வந்ததில்லை. ஆனால் அம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "தூக்க வேண்டாம்பா, நான் என்ன அரிசி மூட்டையா?" என்றார். புடவை விலகும், நடுத்தெருவில் பத்துப் பேர் பார்ப்பார்கள், எல்லோரும் பழகிய முகங்கள். அந்தக் கூச்சத்தால்தான் அவர் பல மாதமாக வெளியே வருவதையே விட்டிருக்கிறார் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. போனில் கேட்கும்போதெல்லாம் "வெயிலா இருக்கு, அதான் போகலை" என்பார்.

கடைசியில் சாலையில் இறங்கி, எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வரும்போது ஆட்டோ. நடக்கிற தூரத்துக்கு ஒரு ஆட்டோ, மடக்கிய நாற்காலி என் மடியில். இந்த ஊரின் நெரிசலையும் புகையையும் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டிலெல்லாம் அரை கிலோமீட்டருக்கு ஒரு வண்டி பிடிக்க வைத்தால் நெரிசல் எப்படிக் குறையும்?

சிங்கப்பூரை ஒப்பிட்டால் அங்கே எல்லாம் பிறவியிலேயே அப்படி என்று இங்கே சொல்கிறார்கள். இல்லை. அங்கே அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய பழைய அடுக்ககங்களில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். 2001இல் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டினார்கள். 2009இலிருந்து முதியவர் தன் அட்டையைச் சாலைச் சிக்னலில் காட்டினால் கடப்பதற்கு இன்னும் சில விநாடி கிடைக்கிறது. எங்கள் புளோக்கில் இருக்கும் சீனத் தாத்தா தினமும் காலையில் மின் நாற்காலியில் தனியாகக் காப்பிக்கடைக்குப் போய் வருகிறார். அவரோடு யாரும் அதிகம் பேசுவதில்லை, அது வேறு வருத்தம். ஆனால் போகலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்கிறார். அம்மாவுக்கு அது இல்லை.

பெங்களூருக்கே தெரியாத வித்தையும் இல்லை. கப்பன் பார்க்கிலிருந்து கஸ்தூர்பா ரோடு வழியாக விட்டல் மல்லையா ரோட்டுக்கு அம்மாவை வீம்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன். டெண்டர்ஷ்யூர் என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தில் செய்த சாலை அது. கேபிளும் குழாயும் போக அடியில் தனி வழி விட்டிருப்பதால் ஆளாளுக்கு வந்து நடைபாதையைத் தோண்ட வேண்டியதில்லை. அகலமான தளம், இறங்க ஏறச் சரிவு. அம்மா அங்கே என்னைத் தள்ள விடவில்லை, தானே வளையத்தைச் சுற்றிக்கொண்டு போனார். ஹோட்டல்களும் பெரிய கடைகளும் இருக்கும் தெருவுக்குச் செய்ததைப் பூக்கடையும் மாவு மில்லும் இருக்கும் தெருவுக்கும் செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆற்றாமை.

சட்டத்துக்கும் குறைவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, அவர்கள் போய்வர ஏற்ற சாலைகளைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்றே சொல்லிவிட்டது. இதையெல்லாம் எழுதி, அளவுகளோடு படமும் வைத்து ஒரு மனு கொடுத்திருக்கிறோம். கன்னடத்தில் எழுதித் தந்தவர் மாவு மில்காரர். கேட்டது ஒன்றுதான்: ஒரே ஒரு தூணைப் பிடுங்கி நட்டு, இடைவெளியை 90 சென்டிமீட்டர் ஆக்குங்கள். அப்படிச் செய்தால் ஸ்கூட்டர் வருமே என்று வார்டு அலுவலகத்தில் கேட்டார்கள். ஸ்கூட்டர் இப்போதும் வருகிறது. அதை நிறுத்த அபராதம் போடட்டும், நாற்காலியை நிறுத்துவது அதற்கு வழியாகாது.

நான் கிளம்பும் வரை தூண் நகரவில்லை. தம்பி விடாமல் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு வீட்டுக்காரர் மட்டும் கேட்டால் தள்ளிப் போடுகிறார்கள். அல்சூரிலோ மர்பி டவுனிலோ உங்கள் வீட்டில் சக்கர நாற்காலியோ வாக்கரோ வைத்திருப்பவர் இருந்தால், வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை அவரோடு ஒரு முறை போய், எங்கே மாட்டுகிறது என்று அளந்து எழுதிக்கொடுங்கள். அடுத்த மனுவில் சேர்த்துவிடலாம்.