அப்புவின் வாயை மூடிய படக்கடை

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பழைய படங்களைத் திருத்திக் கொடுக்கும் கடை ஒன்றில் அம்மாவின் கலியாணப் படத்தைக் கொடுத்து வாங்கினேன். முதல் தடவை சண்டை, இரண்டாம் தடவை சமாதானம். அதனால் கடையின் பெயரை விட்டுவிடுகிறேன்.

படம் 1961இல் முள்ளியவளையில் எடுத்தது. கறுப்பு வெள்ளைதான், கூறைச்சேலையின் கரைக்கு மட்டும் படக்காரர் கையால் சிவப்புப் பூசியிருந்தார். அம்மாவின் தகப்பனை நாங்கள் அப்பு என்போம். கோவலன் கூத்துப் பாடுகிறவர். மகளின் கலியாணத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. படம் எடுத்த நேரத்திலும் மணவறைக்குப் பக்கத்தில் நின்று பாடிக்கொண்டுதான் இருந்தாராம். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம், மெதுவான கமரா. அசையாமல் இருந்த அம்மா தெளிவாக விழுந்திருக்கிறார். அப்புவின் வாய் திறந்தபடி, புகை மாதிரிக் கலங்கிக் கிடக்கும்.

2009இல், போர்க்காலத்தில், மாத்தளனில் பங்கருக்குள் தண்ணீர் ஏறியபோது படம் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பழைய படத்தாளின் மேற்பூச்சு ஜெலற்றின். நனைந்து காய்ந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்; உரித்தால் முகமும் சேர்ந்து வந்துவிடும். வேறோர் இடத்தில் உரிக்கவென்று சவர பிளேட்டை எடுத்ததுமே படத்தைப் பறித்துக்கொண்டு வந்தவள் நான். இந்தக் கடைத் தம்பி சட்டத்தை மட்டும் கழற்றினார். கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் சரிவாக வெளிச்சம் வைத்து, கண்ணாடிக்கு மேலாலேயே எடுத்தார். துளி மினுக்கம் விழவில்லை. அந்த வேலைக்கு முழுப் புள்ளி.

ஒரு கிழமை கழித்துப் பிரதி வந்தது. அம்மா வெள்ளைக்காரி மாதிரி இருந்தார். நாடியில் இருந்த மச்சத்தைக் காணோம். சேலை முழுக்கச் சிவப்பு. அப்பு வாயை மூடிக்கொண்டு அழகாகச் சிரித்தார்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"ஆரடி இது?"

"நீங்கள்தான் அம்மா."

"அப்ப, ஐயா ஏன் பாடாமல் நிக்கிறார்?"

மறுபடி பஸ் ஏறினேன். "வாய் கோணலா இருந்தது அன்ரி, அதுதான் கொம்பியூட்டரில சரியாக்கினது" என்றார் தம்பி. முகத்தை அந்த மென்பொருள் தானாகவே புதிதாக வரைந்துவிடுகிறதாம். சரி, கீறலையும் பூஞ்சணப் புள்ளியையும் எடுத்தால் போதும், முகத்தில் கை வைக்கக்கூடாது என்று சொல்லி, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணித்தியாலம். முகம் சுளிக்கவில்லை, மேலதிகக் காசும் கேட்கவில்லை. மொத்தம் 4,500 ரூபாய். மச்சம் திரும்பி வந்தது, கரைச் சிவப்பும் வந்தது, அப்புவும் வாயைத் திறந்தார்.

போகிறவர்கள் முகத்தில் கை வைக்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். திருத்தாத பிரதியையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள்; கேட்டால்தான் தருவார்கள். சட்டம் மட்டும் அங்கே போடாதீர்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மட்டை வைக்காமல் அப்படியே அமத்திவிடுகிறார்கள். பழையபடி ஒட்டத்தான் போகிறது. நான் ஊர்த் தச்சரிடம் செய்வித்தேன்.

புதுப்படம் அம்மாவின் கட்டிலுக்கு நேரே தொங்குகிறது. பழையது கண்ணாடியோடு அலுமாரியில் இருக்கிறது, நிமிர்த்தாமல் படுக்கவைத்தபடி. அதுவும் அந்தத் தம்பி சொல்லித் தந்ததுதான்.