வீடு தேடி வந்து பேய்க்காட்டினார்கள்: பார்வை குறைந்தவர்களும் வீட்டுக்காரரும் கவனம்

68,500 ரூபா. சீட்டுக் காசு. பிரம்பில் பூட்டினால் வழி சொல்லும் என்ற ஒரு கருவிக்குக் கொடுத்து ஏமாந்தேன். போன வெள்ளிக்கிழமை விழுந்த காலில் வீக்கம் இன்னும் வற்றவில்லை. வற்றுமட்டும் இருந்தால் கோபமும் வற்றிப்போகும் என்று இப்பவே போனில் பேசிப் பேசி எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்குக் குளுக்கோமா. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிற வருத்தம், போன பார்வை திரும்பாது. பக்கப் பார்வை முழுக்கப் போய்விட்டது. நேரே கொஞ்சம் தெரியும், வெயிலில் அதுவும் இல்லை. ஆனாலும் நாலு வருசமாக வெள்ளைப் பிரம்போடு திருகோணமலை உவர்மலையில் பஸ் ஏறி, ஸ்டாண்டில் இறங்கி, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குத் தனியே போய் வருகிறேன். பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்காமல் நடக்கிற அந்த ஒரு நடைதான் எனக்கென்று மிஞ்சியிருந்தது. அதைத்தான் இவர்கள் விலை பேசினார்கள்.

இணையத்தில் மட்டும் சாமான் விற்கிற ஒரு கடை. பிரம்பின் கைப்பிடியில் பூட்டுகிற கருவி, காதுக்கு ஒரு இயர்போன், போனுக்கு ஒரு ஆப். "தமிழில் வழி சொல்லும், கண் தெரியாதவர்கள் திருகோணமலை முழுக்கத் தனியே போகலாம்" என்று விளம்பரம். நான் உடனே நம்பவில்லை. வீட்டுக்கு வந்து காட்டினால்தான் காசு என்றேன். வந்தான்.

பொடியனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். "என்ர அம்மம்மாவுக்கும் பார்வை இல்லை அம்மா, அவவுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தனான்" என்றான். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பிரம்பை என் கையில் தந்து ஹோலுக்குள் நடக்கவிட்டான். காதுக்குள் நல்ல தமிழில் ஒரு பெண் குரல்: "முன்னால் கதிரை. இரண்டு மீற்றர்." திரும்பினேன். "வலப்பக்கம் கதவு." எனக்குக் கண் கலங்கிப்போனது. ஒவ்வொரு முறை அந்தக் குரல் வருவதற்கு முன்னமும் அவனுடைய போனில் நகம் படுகிற டக், டக் சத்தம் கேட்டது. மெசேஜ் பார்க்கிறானாக்கும் என்று நினைத்தேன். அண்டைக்கே மருமகனைக் கொண்டு வங்கியில் 68,500 ரூபாவைப் போடுவித்தேன். கணக்கு கடையின் பெயரில் இல்லை, யாரோ தனி ஆளின் பெயரில். மருமகன் கேட்டான். "பேர் மாத்துற வேலை நடக்குது" என்றான் பொடியன். அதற்கும் தலையாட்டினேன்.

அவன் போனபிறகு அந்தத் தமிழ்க் குரல் ஒரு நாள்கூட வரவில்லை. கைப்பிடி அதிரும், ஆப் இங்கிலீஷில் கதைக்கும், அவ்வளவுதான். மருமகன் இருந்து பார்த்துச் சொன்னான்: "மாமி, இது நமக்குக் கேக்காத ஒரு சத்தத்தை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வாற நேரத்தை வைச்சுத் தூரத்தை மட்டும்தான் அறியும். கதிரையா கதவா எண்டு இதுக்கு எப்பிடித் தெரியும்?" அந்த டக், டக் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. அவன்தான் தன் போனில் தட்டித் தட்டிக் குரலைப் போட்டிருக்கிறான். ஆப்பில் இருந்ததும் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற வரைபடம்தான்.

அந்தக் கருவி முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற லொறிப் பலகை, தாழ்ந்த கொப்பு, இதெல்லாம் பிரம்புக்குப் படாது, அதிர்வுக்குப் படும். ஆனால் அது முன்னுக்குத்தான் பார்க்கும், நிலத்தைப் பார்க்காது. மான்கள் திரிகிற எங்கட கோட்டை வாசலில் படுத்திருந்த ஒரு மானுக்கே அது அதிரவில்லை. போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே ஐந்து மீற்றர் மட்டில் பிழைக்கும். எங்கட ஊரில் ஐந்து மீற்றர் என்றால் றோட்டின் மற்றப் பக்கம்.

இதில் ஒன்றையும் அவன் சொல்லவில்லை. சொன்னது வேறு: "நுனியால நிலத்தைத் தட்ட வேண்டாம் அம்மா, சென்சர் குழம்பும். கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ." நாலு வருசமாக அந்த நுனிதான் எனக்குப் படியையும் பள்ளத்தையும் சொன்னது. அவன் பேச்சைக் கேட்டுத் தூக்கிப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை ஸ்டாண்டில் இறங்கி, காதில் சொன்ன பக்கம் திரும்பினேன். கான் மூடியில் ஒரு சிலாப் இல்லை. சீலையோடு முழங்கால்வரை கறுத்தத் தண்ணிக்குள் நின்றேன். அப்போதுதான் கைப்பிடி அதிர்ந்தது, கானின் சுவர் முன்னால் இருந்ததே! ஆட்டோக்காரத் தம்பி ஒருவர்தான் தூக்கிவிட்டு வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார். காசும் வாங்கவில்லை.

கடைக்கு எடுத்தேன். முதல் நாள், "ரெக்னீசியன் வருவார்." இரண்டாம் நாள், "ஹெட் ஒபிஸ் கொழும்பில, அங்க கதையுங்கோ." அங்கே எடுத்தால், "தண்ணிக்குள்ள விழுந்த சாமானுக்கு வொரண்டி இல்லை." நானும் சேர்ந்துதானே விழுந்தேன்? நேற்று ஒரு பெண்பிள்ளை, "கண் தெரியாதவங்களுக்கு இது சரிவராது மிஸ், பழக்கம் வேணும்" என்றா. கண் தெரியாதவர்களுக்கு என்று சொல்லித்தானே 68,500 ரூபா வாங்கினீர்கள்! இப்போது என் நம்பரையும் மருமகனின் நம்பரையும் தடுத்துவிட்டார்கள்.

என்னென்ன பார்த்து வாங்க வேணும் என்று விவரமாக எழுதத்தான் இருந்தேன், கால் வலிக்கிறது. வீட்டுக்குள் காட்டுவதை நம்பாதேங்கோ, நீங்கள் வழமையாகப் போகிற றோட்டில், உங்கள் போனில் நடந்து காட்டச் சொல்லுங்கோ. தனி ஆளின் கணக்குக்குக் காசு போடாதேங்கோ, பில் இல்லாமல் வாங்காதேங்கோ. போனில் எழுத்தை வாசிக்கிற டோக்பேக் காசில்லாமலே இருக்கிறது. என்ன பூட்டினாலும் பிரம்பு நுனியை நிலத்தில் இருந்து எடுக்காதேங்கோ. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற நம்பருக்கு நாளைக்கு எடுக்கப் போகிறேன்.

இண்டைக்குக் காலமை மருமகனின் போனில் அதே விளம்பரம் திரும்ப வந்தது. "என்ர அம்மம்மாவுக்கும் பார்வை இல்லை" என்று அதே பொடியன்தான் கதைக்கிறான்.