விலை குறைந்த எஸ்எஸ்டி, மூன்று வருடம் கழித்து

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் வீட்டில் இருப்பது எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் இப்போதே கணினி நகர மறுக்கிறது. குறைந்த செலவில் முதலில் எதை மாற்றுவது?

என்னிடம் இருப்பதும் ஏறக்குறைய அதே கணினிதான். ஐ3-8100 பிராசசர், எச்310 சிப்செட் உள்ள மதர்போர்டு. மூன்று வருடங்களுக்கு முன் அதில் 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டேன். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ், சாட்டா என்பது ஹார்ட் டிஸ்கை மாட்டும் அதே பழைய இணைப்பு. கடையில் இருந்தவற்றிலேயே விலை குறைந்தது அதுதான். அவருக்கு அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், சொல்லச் சொல்லக் கோபம் ஏறிக்கொண்டே போனது. நல்லதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நல்லது நிறையவே இருக்கிறது. முன்பெல்லாம் பட்டனை அழுத்தி விண்டோஸ் உருப்படியாக எழுந்து நிற்க மூன்று நிமிடம் ஆகும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். எஸ்எஸ்டி போட்ட அன்று 20 வினாடியில் திரை வந்தது. இன்றைக்கும் அதே 20 வினாடிதான். ஹார்ட் டிஸ்கின் முள் ஒவ்வொரு கோப்புக்கும் தட்டின் மேல் இடம் தேடி நகர வேண்டும், அதற்கே ஒவ்வொரு முறையும் 10 மில்லி வினாடிக்கு மேல் போய்விடும். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கிறது. எஸ்எஸ்டியில் நகர வேண்டிய முள்ளே இல்லை. அதனால்தான் எவ்வளவு மட்டமான எஸ்எஸ்டியாக இருந்தாலும் முதல் நாள் பிரமாதமாகத் தெரிகிறது.

அம்மாவின் பழைய கணினிக்கும் மறு வருடம் அதே மாடலையே வாங்கிப் போட்டேன். முன்பு பட்டனை அழுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய் வேறு வேலை பார்த்துவிட்டு வருவார். இப்போது அவர் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் திரை தயாராக இருக்கிறது. அவர் என்னிடம் கணினியைப் பற்றிக் குறை சொல்லி இரண்டு வருடமாகிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ரேமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இருந்த 4 ஜிபியோடு ஒரு 8 ஜிபி சேர்த்தேன். ஐ3-8100 எடுத்துக்கொள்ளும் வேகம் டிடிஆர்4-2400 மட்டுமே, 3200 என்று எழுதியதை வாங்கினாலும் 2400-இல்தான் ஓடும். வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பவர் சப்ளையைத் தொடவில்லை, எஸ்எஸ்டி இழுப்பது சில வாட் மட்டுமே. தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படவும் இல்லை.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

அட்டைப்பெட்டியின் மேல் "வினாடிக்கு 500 எம்பி வரை" என்று போட்டிருந்தது. சாட்டா இணைப்பின் உச்சமே ஏறக்குறைய 550 எம்பி என்பதால் அந்த எண் எனக்கு நியாயமாகவே பட்டது. 'வரை' என்ற சொல்லை அன்று நான் படிக்கவில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் தங்கை வந்திருந்தாள். குழந்தைகள் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோக்கள் எல்லாம் அவளிடம் ஒரு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் இருந்தன. மொத்தம் 90 ஜிபி. "உன்னிடமும் ஒரு பிரதி இருக்கட்டும் அண்ணா" என்றாள். கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. என் எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்ய ஆரம்பித்தேன், வினாடிக்கு 400 எம்பி, மீதி நேரம் 4 நிமிடம் என்று காட்டியது. ஒரு நிமிடம் அப்படியே போனது. 25 ஜிபி தாண்டியதும் கோடு செங்குத்தாக விழுந்து 35 எம்பியில் நின்றது. நடுநடுவே பூஜ்யத்தையும் தொட்டது. விண்டோஸும் அதே டிரைவில் இருப்பதால் மவுஸைத் தவிர எதுவும் அசையவில்லை. "முடிந்ததா அண்ணா?" என்று வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டாள். இன்னும் முடியவில்லை. தன் டிரைவை இங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள், நான் பிறகு கூரியரில் அனுப்பி வைத்தேன். அதே கேபினெட்டில் பழைய ஹார்ட் டிஸ்கும் இருக்கிறது. அது வினாடிக்கு 130 எம்பி எழுதும். அதில் போட்டிருந்தால் 12 நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும்.

அன்றிரவு உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன். என் எஸ்எஸ்டி கியூஎல்சி வகை, ஒரு செல்லில், அதாவது சிப்பில் தகவலை வைக்கும் மிகச் சின்ன அறையில், 4 பிட் வைக்கும். விலை குறைவதும் அதனால்தான், எழுதும் வேகம் குறைவதும் அதனால்தான். அந்த மெதுவை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரு பிட் வீதம் வேகமாக எழுதி வைத்துக்கொள்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் அதை எடுத்து 4 பிட்டாக அடுக்குகிறது. இந்த இடத்துக்குப் பெயர்தான் கேச். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாங்கிய புதிதில் 360 ஜிபி காலி, ஆகவே கேச் அதிகபட்சம் 90 ஜிபிக்குப் போகலாம். தங்கை வந்த அன்று காலி 120 ஜிபி, ஆகவே 30-ஐத் தாண்ட முடியாது. முதல் வருடம் எனக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. புதிதாக வாங்கி ஒரு வாரத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் இது ஏன் வருவதில்லை என்பதும் விளங்கியது. டிரைவ் நிரம்ப நிரம்பத்தான் இந்தக் குறை வளர்கிறது.

கால் பங்கு இடத்தைக் காலியாக வை, பெரிய கோப்புகளைத் தவணை முறையில் காப்பி செய், இடையில் சும்மா விடு என்கிறார்கள். எல்லாம் செய்து பார்த்தேன், பலனும் உண்டு. ஆனால் 480 என்று சொல்லி விற்றது விண்டோஸில் 447 என்று தெரிகிறது, அதிலும் கால் பங்கைத் தொடாதே என்றால் நான் காசு கொடுத்தது எதற்கு?

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது அம்மாவின் டிரைவ். அதே பெயர், அதே அட்டை, அதே மாடல் எண். உள்ளே டிரைவை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் வேறு. அவருடையதில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும் 15 ஜிபியிலேயே வேகம் விழுகிறது. பெயரை மாற்றாமல் உள்ளே இருப்பதை மாற்றினால், ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்லி இன்னொருவர் அதை நம்பி வாங்குவதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. நான் இங்கே மாடல் பெயரை எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவுக்கும் இரண்டு டிரைவும் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் என்னுடையது 91 சதவீத ஆரோக்கியம் காட்டுகிறது. வருடத்தில் 360 நாள் என் வேலைக்கு அது போதும். இதை எழுதும்போதும் அதில்தான் எழுதுகிறேன்.

இருந்தும் இதை வாங்காதீர்கள் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். ஒரு செல்லில் 3 பிட் வைக்கும் டிஎல்சி என்று விவரப் பட்டியலில் தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்கச் சொன்னேன், கொள்ளளவு ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை. எச்310 போர்டில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் இடம்) இருந்தால், சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை டிரைவைப் பார்க்கலாம். என்விஎம்இ தகவலை அனுப்பும் பாதையான பிசிஐஇ, அந்த சிப்செட்டில் இரண்டாம் தலைமுறைதான், அதிலும் ஸ்லாட்டுக்கு நான்கு லேன் (தடம்) இருந்தால் வினாடிக்கு 2000 எம்பியை நெருங்க முடியும். தனக்கென்று ரேம் சிப் இல்லாத என்விஎம்இ டிரைவ்களில் பல, கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும், சாட்டாவுக்கு அந்த வழி இல்லை. ஆனால் எம்.2 ஸ்லாட் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சிலவற்றில் சாட்டா மட்டும் ஓடும், சிலவற்றில் என்விஎம்இ மட்டும். விண்டோஸ் 11-க்கு முன் பயாஸில் பிடிடியை (விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் பாதுகாப்பு வசதிக்கு இன்டெல் வைத்த பெயர்) ஆன் செய்யவும் மறக்கக் கூடாது.

மதர்போர்டு மேனுவலில் அந்த ஸ்லாட்டைப் பற்றிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அது வந்த பிறகுதான் எதை வாங்குவது என்ற பேச்சு.