கரண்ட் விட்டுக் குடிநீரைக் கலங்கலாக்கிக் காட்டினால் நம்பி மிஷின் வாங்காதீர்கள்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் தெருவில் மட்டும் 9 வீடுகளில் ஒரே வாரத்தில் ஆர்ஓ என்கிற தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் வாங்கினோம். ஒவ்வொன்றும் 14,500 ரூபாய். இன்றைக்கு ஒன்றுகூடச் சரியாக ஓடவில்லை. விற்றவர்களின் நம்பருக்குப் போட்டால் சுவிட்ச் ஆஃப். டெல்டாவில் வேறு எந்த ஊருக்கும் இது நடக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் பக்கம் போர் போட்டால் சவர்த் தண்ணீர்தான் வரும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதனால் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிற தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஊர் டேங்கில் ஏற்றி, காலையில் ஒரு மணி நேரம் விடுவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீர் ஏற்ற வழியில்லை, கிடைத்ததைக் குடித்தோம். அதிலிருந்து தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் மனதில் ஒரு பயம் உண்டு. வந்தவர்களுக்கு அந்தப் பயம்தான் முதலீடு.

இரண்டு பேர், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்தார்கள். "தண்ணி டெஸ்ட் பண்றோம்க்கா, இலவசம்தான்" என்றார்கள். பஞ்சாயத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள் போல என்று நினைத்து உள்ளே உட்காரச் சொன்னேன். வீட்டில் எத்தனை பேர், குழந்தைக்கு என்ன வயது என்றெல்லாம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டார்கள்.

ஒரு கண்ணாடி டம்ளரில் எங்கள் குடத்துத் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கீழே நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியை இரண்டிலும் படுகிற மாதிரி வைத்து, பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, பச்சைக் கசடு திரண்டு மேலே மிதந்தது. அவர்கள் தண்ணீர் அப்படியே இருந்தது.

"இதத்தான்க்கா பாப்பாவுக்குக் குடுக்குறீங்க" என்றான் ஒருவன். என் மாமனார் கையில் வைத்திருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டுக் காட்டினார்கள். எங்கள் தண்ணீர் 340, அவர்களுடையது 28. "340 அழுக்கு இருக்குக்கா." அன்று மாலையே சிங்கப்பூரில் இருக்கும் என் கணவரிடம் பேசிப் பணம் போடச் சொன்னேன். பெரியம்மா வீட்டில் நகையை வைத்து வாங்கினார்கள்.

அந்தக் கம்பி விஷயத்தை எங்களுக்குப் புரிய வைத்தவர் பக்கத்து வீட்டுப் பையனின் வேதியியல் ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தானாம், மின்னாற்பகுத்தல். தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால் கரண்ட் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். பழுப்பாகவும் பச்சையாகவும் வந்தது அந்தக் கம்பியின் இரும்பு. அது எங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது, அதனால் தெளிவாகவே நிற்கும்.

அவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்தும் காட்டினார். இரண்டு இரும்பு ஆணி, குறைந்த வோல்ட் கரண்ட், ஆர்ஓ தண்ணீர். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டில் பார்த்த அதே கலங்கல். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சிட்டிகை உப்பில் தெரிந்திருக்க வேண்டியது. (வீட்டு பிளக்கில் வைத்து இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.)

அந்த மீட்டர் கதையும் இப்படித்தான். அது கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் காட்டும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. உப்பைப் பொறுத்தவரை 340 என்பது நல்ல தண்ணீர்தான். அதைத்தான் அழுக்கு என்று சொல்லி விற்றார்கள்.

சரி, பணம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஐப்பசி மழை நேரத்தில் என் 6 வயது மகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தோம். டாக்டர் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். "ஆர்ஓ தண்ணிதான் சார்" என்று நம்பிக்கையோடு சொன்னேன். "எதுக்கும் டெஸ்ட் பண்ணிப் பாருங்கம்மா" என்றார்.

ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் ஊரிலேயே சில பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, ஒரு பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் எங்கள் தெரு அக்காதான். அவரிடம் இதுவரை ஒருவரும் போய்க் கேட்டதில்லை, நானும்தான். அந்தப் பெட்டியில் இருக்கும் சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து வைத்து, ஒன்றிரண்டு நாளில் கறுப்பாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். மாறினால் மலக்கிருமி கலந்திருக்கலாம் என்று அர்த்தம். மூன்று குப்பி வைத்தோம். டேங்கடித் தண்ணீர் மாறவில்லை. எங்கள் தெருக்குழாய்த் தண்ணீர் கறுத்தது. எங்கள் ஆர்ஓ மிஷின் தண்ணீரும் கறுத்தது.

அந்த மிஷினைப் போட்ட பிறகு ஒருவரும் சர்வீஸுக்கு வரவில்லை. ஆர்ஓ மிஷினில் இருக்கும் கார்பன் ஃபில்டர், கிருமியைக் கொல்லப் போடுகிற குளோரினையும் சேர்த்து எடுத்துவிடும். அதற்கப்புறம் உள்தொட்டியைக் கழுவாமல், ஃபில்டர் மாற்றாமல் விட்டால் அதற்குள்ளேயே கிருமி வளரும். நாங்கள் 5 மாதமாக அதைத்தான் சுத்தம் என்று காய்ச்சாமல் குடித்திருக்கிறோம். மிஷின் வருவதற்கு முன்னால் மழைக்காலத்தில் எப்போதும் காய்ச்சித்தான் கொடுப்பேன். அந்தப் பழக்கத்தை நிறுத்த வைத்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

தெருக்குழாய் ஏன் கறுத்தது என்று டேங்க் ஆபரேட்டர் அண்ணனோடு குழாய் போகிற வழியிலேயே நடந்தோம். மதகுக்குப் பக்கத்தில், தண்ணீர் வேகம் போதவில்லை என்று யாரோ பள்ளம் தோண்டி, குழாயை அறுத்துத் தாழ்வாக வைத்துத் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். பள்ளம் நிறைய வாய்க்கால் தண்ணீர். தண்ணீர் விடுகிற நேரம் முடிந்து குழாய் காலியாகும்போது அந்தச் சாக்கடையை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதலில் வருவது அதுதான். கடைசி வீட்டுக்குழாயில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். எங்களிடம் சுத்தமாக இல்லை. பஞ்சாயத்தில் எல்லோரும் சேர்ந்து போய்ச் சொன்னோம். பள்ளத்தை மூடி, குழாயை உயர்த்தி, பிளீச்சிங் பவுடரும் ஒழுங்காகப் போடுகிறார்கள். குப்பி இப்போது மாறுவதில்லை. மழை விடும்வரை காய்ச்சியே குடிக்கிறோம், தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் கொதித்தாலே கிருமி செத்துவிடும்.

ஆர்ஓவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்பு போர் தண்ணீரை விட்டால் வேறு கதி இல்லாத வீட்டுக்கு அது தேவை. ஆனால் முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். கிருமி பார்க்க சாதா பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், அதற்கென்று சுத்தப்படுத்திய பாட்டில் உண்டு, கேட்டு வாங்குங்கள். மிஷினைக் கடை வைத்திருக்கிறவரிடம் வாங்குங்கள். எங்களுக்குக் கொடுத்த பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி என்ற இடத்தில் 'சென்னை' என்று மட்டும் இருந்தது. வாரண்டி அட்டையில் மிஷின் நம்பரே எழுதவில்லை. இதையெல்லாம் பணம் போன பிறகுதான் பார்த்தோம்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறோம், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்தோம். வாங்கி 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கையில் காசாகக் கொடுத்த 6 வீட்டிடம் அந்தப் பில்லைத் தவிர ஆதாரமே இல்லை. போனில் அனுப்பிய 3 பேருக்குத்தான் பணம் யார் கணக்குக்குப் போனது என்ற தடம் இருக்கிறது. அதை வைத்துத்தான் போலீஸ்காரர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று தலைஞாயிறு பக்கத்திலிருந்து என் சின்னம்மா போன் செய்தார். கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர், கம்பி வைத்த பெட்டியோடு அடுத்த தெருவில் இருக்கிறார்களாம். அவர்கள் பாட்டில் தண்ணீரிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். நீங்களும் உங்கள் வீட்டில் அதையே கேளுங்கள்.